கூடத்துச் சுவரில் ஒரு சதவீதம்

என் கணவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். வெளியே போனால் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். எண்ணுவார், அவ்வளவுதான்.

தருமபுரிப் பக்கம் ஒரு தனியார் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெயர் வெங்கடாசலம். நட்டு, போல்ட்டு, பேரிங், காலிச் சாக்கு என்று ஆயுசு பூராவும் எண்ணியே பழகிய மனிதர், வீட்டில் உட்கார்ந்ததும் எண்ணுவதற்கு எதுவும் கிடைக்காமல் மிகவும் சிரமப்பட்டார். கொடியில் துணி காய்ந்தால் கிளிப்பை எண்ணுவார். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணி, போன வாரத்தைவிடக் குறைவு என்பார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை ஓய்ந்து போனதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். மகள் அன்பரசியைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு, அதியமான்கோட்டையில் நாங்கள் இருவர் மட்டும் இப்படித்தான் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

அந்த நிம்மதிக்குள் சோலார் வந்தது.

எங்கள் பகுதியில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். அதனால் மொட்டை மாடியில் சோலார் தகடுகளும், மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெரிய பேட்டரிகளும், ஓர் இன்வெர்ட்டரும் போட்டார். கூடவே கம்பெனிக்காரர்கள் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு மீட்டர் கொடுத்தார்கள். பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என எண்ணில் காட்டும் மீட்டர். பொதுவாக அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுவார்களாம். என் கணவர் வயரை நீளமாக இழுக்கச் சொல்லிக் கூடத்துச் சுவரில், தன் நாற்காலிக்கு நேர் எதிரே, கண் மட்டத்துக்கு மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எண்தான் எஜமான். எண்பதுக்கு மேல் இருந்தால் மிக்ஸி போடலாம். எழுபதுக்கு மேல் டி.வி. பார்க்கலாம். அறுபதுக்குக் கீழே போனால் வீட்டுக்கே ஒரு மின்விசிறிதான். அது அவர் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி. மீட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் அங்கேதானே உட்கார்ந்தாக வேண்டும் என்றார். நியாயம்தான். கரண்ட் இருக்கிற நேரத்திலும் சோலாரில்தான் ஓட வேண்டும் என்று மாற்றி வைத்துவிட்டார். கம்பத்திலிருந்து வரும் கரண்டைத் தொடுவது அவருக்குத் தோற்றுப்போவது மாதிரி.

ஒரு நாள் தேங்காய் பாதி அரைந்துகொண்டிருக்கும்போது எழுபத்தொன்பது வந்துவிட்டது. எழுந்து வந்து ஸ்விட்சை அணைத்தார். அன்றைக்குச் சட்னியை மென்று சாப்பிட்டோம். இதெல்லாம் ஒரு பெண் கோபித்துக்கொள்கிற விஷயம் இல்லை.

என் அக்கா தங்கம்மாள் வந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது.

அக்காவுக்குப் பாலக்கோடு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, வெயில் காலத்தில் ஒரு வாரம் என்னோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பையோடு வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அறையில் படுத்திருந்தாள். மதியம் வெளியே அனல். மேகம் வந்து வெயிலை மறைத்ததில் மீட்டர் ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியது. இவர் போய் அக்காவின் மின்விசிறியை நிறுத்தினார்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. ரெண்டு பர்சென்ட் ஏறட்டும்."

அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "நான் தொந்தரவுன்னு சொல்லியிருந்தாக்கூட இருந்திருப்பேன் பானு. பர்சென்ட்டுன்னு சொல்லிட்டாரே" என்றாள்.

மறுநாள் மீட்டரோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். என் கணவர் கையேடு படிக்கிற ஆள் இல்லை. எண் தெரிகிறது, போதாதா என்பார்.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த மீட்டர் பேட்டரிக்குள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு ஷண்ட் என்று ஒரு சின்ன உலோகக் கட்டையை மாட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக எவ்வளவு கரண்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு, கழித்துப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் ஆளை நிறுத்தி வருகிறவர், போகிறவரை எண்ணச் சொல்வது மாதிரி. பின்கட்டு வழியாகப் பந்திக்குப் போகிறவர்களை அவனுக்குத் தெரியாது. மண்டபத்தில் மொத்தம் எத்தனை பேருக்கு இடம் என்பதும் நாம் சொன்னால்தான் தெரியும். தப்பாகச் சொல்லி வைத்தால் தப்பாகவே நம்பிக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தப்பான சதவீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

என் கணவர் இத்தனை நாளாகப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது பேட்டரியை இல்லை, ஒரு நம்பிக்கையை. இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவரிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மீட்டருக்குக் கைபேசியில் ஒரு செயலி உண்டு. அவர் கைபேசியில் இருந்தது. என்னுடையதிலும் போட்டுக்கொண்டேன். அதில் பேட்டரியின் கொள்ளளவு, அதாவது மண்டபத்து இடக் கணக்கு, முந்நூறு என்று இருந்தது. நான் நானூறு என்று மாற்றினேன். இல்லாத நூறு சேர்ந்ததும் அந்த எண் முன்னைவிட மெதுவாக இறங்க ஆரம்பித்தது. காலையில் நிம்மதியாகச் சட்னி அரைத்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பிறகு ஐந்நூறு ஆக்கினேன். டி.வி.யில் தொடர் முடிகிற வரைக்கும் பார்க்க முடிந்தது. கடைசியில் அறுநூற்றைம்பதில் நிறுத்தினேன். அதற்கு மேல் போவது பேராசை என்று தோன்றியது.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. எண் உயரமாகவே நிற்பதைப் பார்த்து அவர் அந்தப் பெருமையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா பானு? ஒழுங்கா வெச்சிக்கிட்டா பேட்டரி எப்படி நிக்குது பாரு. எல்லாம் நாம வளக்குற வளப்புல இருக்குது."

நெடுஞ்சாலை ஓரத்தில் குப்புராஜ் டீக்கடை. அங்கே உட்கார்ந்து பேட்டரி வளர்ப்பைப் பற்றித் தினமும் பேச ஆரம்பித்தார். நாலு பேர் கேட்டார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, சார் கைராசி என்று சொல்லிப் போனார். நான்தான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் அந்த மழை நாள். பகல் பூராவும் வெயிலே இல்லை. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இவர் மீட்டரைப் பார்த்து, "அறுவத்தி நாலு இருக்குது, கவலப்படாத" என்றார். பேட்டரிப் பெருமையில் அவர் எண்பது சட்டத்தைத் தளர்த்தியிருந்ததால், நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். சில நிமிஷத்தில் இன்வெர்ட்டர் ஒரு தரம் கூவிவிட்டு நின்றது. வீடு இருட்டாகிவிட்டது. மீட்டருக்குத் துளி கரண்ட் போதும் என்பதால் அது மட்டும் சுவரில் பளிச்சென்று அறுபத்து நாலு என்று காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியில் உண்மையில் கால்வாசிகூட இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மீட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அறுவத்தி நாலு இருக்குதே பானு. எப்பிடி நிக்கும்? எனக்கு ஒண்ணும் புரியலையே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வாக்கியம் அது. 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்கிற வாக்கியம். டார்ச்சை மீட்டரிலிருந்து அவர் முகத்துக்குத் திருப்பினேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. ரொம்ப நல்ல முகம் அது. பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரை எந்தக் கையில் வாங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாரே, அந்த முகம்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் அந்த முகம் போயிருக்கும்.

"எனக்கு என்னாங்க தெரியும்?" என்றேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் மாரியப்பனைக் கூப்பிட்டார். மாரியப்பன் எல்லா முனையையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். வந்தது வந்தார், சமையலறையில் எனக்கு ஒரு சின்ன மின்விசிறி போட்டுத் தரச் சொன்னேன். இன்வெர்ட்டர் வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்தே நேராக ஓடுகிற மாதிரி. வயரை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று நான்தான் விரலால் காட்டினேன். ஷண்ட்டைத் தொடாமல், பேட்டரியின் முனையிலேயே. இதையும் சொல்லிவிடுகிறேன், மாரியப்பன் மேல் யாரும் பழி போடக் கூடாது. அவர் நல்ல மனிதர். அந்த மின்விசிறியை இரவும் பகலும் ஓடவிட்டேன். மண்டபத்தின் பின்கட்டைத் திறந்துவிட்டாயிற்று. யார் எத்தனை பந்தியில் சாப்பிட்டாலும் வாசலில் இருப்பவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றது. மீட்டர் எண்பது காட்டும்போது நிற்கும். தொண்ணூறு காட்டும்போதும் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் சுவருக்கு முன்னால் போய் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்வார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொள்வேன்.

செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. சதவீதத்தை நாமே கையால் போட்டுக்கொள்ளலாம். புதிதாக மாட்டும்போது சரிப்படுத்துவதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுபத்து மூன்று என்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் அடுப்படியில் இருந்தபடியே தொண்ணூற்றொன்று ஆக்குவேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"இப்பத்தான பானு எழுவத்தி மூணுன்னு பாத்தேன்?"

"நேத்து பாத்திருப்பீங்க."

"நேத்தா?"

"எழுவத்தி மூணுன்னு நேத்துதான சொன்னீங்க."

குரலை உயர்த்தி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கொஞ்ச நாளில் அவர் சதவீதத்தைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். மெதுவாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, அவர் சொல்வதற்குப் பதிலாக என்னைக் கேட்க ஆரம்பித்தார். "எவ்வளவு இருக்குது பானு?" மீட்டர் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்.

முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் குறை இல்லை என்றார். அது அவருக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. தருமபுரியில் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அழைத்துப்போனேன். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் இல்லையா, மடமடவென்று கழித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்திலும் தப்பவில்லை. ஆனால் முடித்ததும் டாக்டரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னனா பானு?" என்று கேட்டார்.

நான் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவர் வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போது டாக்டர் என்னிடம் தனியாக, "பயப்பட ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றார். வெளியே வந்ததும் அவர் கேட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று. "பயப்பட ஒண்ணும் இல்லன்னாருங்க. நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டோம்" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே போயிருந்தோம்.

பஸ்ஸில் திரும்பும்போது வழி பூராவும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்து, இனிமேல் ஓட்டினால் எங்கேயாவது வழி தவறிவிடுவேன் என்றார். மிக்ஸி, டி.வி., மின்விசிறி என்று எதைப் போட்டாலும் ஏன் என்று கேட்கவில்லை. நான் தொடர் பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். காலையில், "பானு, நான் மாத்திரை போட்டுட்டனா?" என்பார். போட்டிருப்பார். இருந்தாலும் நான் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். உடனே சொன்னால் அவ்வளவு ஆறுதலாக இருக்காது.

ஓசூரிலிருந்து அன்பரசி போனில் பேசி அழுதாள். "அப்பாவ இப்பிடிப் பாத்துக்க உன்னாலதாம்மா முடியும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்காவை மறுபடியும் வரச் சொன்னேன். இந்தத் தடவை எத்தனை மின்விசிறி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றேன். வந்தாள். எல்லா அறையிலும் காற்று பறந்தது. ஒரு வாரம் இருப்பாள் என்று நினைத்தேன். மறுநாளே பையைக் கட்டிவிட்டாள்.

"அந்த மனுசன் நடு வூட்டுல நின்னுக்கிட்டு, தண்ணி குடிக்கட்டுமான்னு உன்னக் கேக்குறாரு பானு. என்னால பாக்க முடியல. அன்னைக்கு ஃபேன நிறுத்துனாரே, அப்ப நல்லா இருந்தாரு." வாசல் வரை போனவள் நின்று, "மாப்ளைக்கு என்னாதான் ஆச்சு?" என்றாள்.

"வயசாகுதில்ல அக்கா" என்றேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள் காலையில், தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். பேட்டரிக் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியர், பெயர் மதியழகன். நான் யாரையும் கூப்பிடவில்லை. என் கணவர் அவனைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மதியழகன் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து மெதுவாக வேலை பார்த்தான். மீட்டரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பேட்டரியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டான். பிறகு ஒரு கருவியை வைத்து வோல்ட் பார்த்தான். இரண்டு பேட்டரியும் செத்துப்போயிருந்தன. காலியான பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் சாகத்தான் செய்யும். கைபேசியில் எதையோ பார்த்தான். சமையலறை வரை போகும் வயரைக் கண்ணாலேயே தொடர்ந்தான். பிறகு என் கணவரிடம், கடையில் போய் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவரச் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். போய்ட்டு வாங்க என்றேன். போனார்.

மதியழகன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மீட்டர்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. அதுக்கு என்னா சொல்லி வெச்சமோ அதத்தான் திருப்பிச் சொல்லும். முந்நூறு பேட்டரிக்கு அறுநூத்தி அம்பதுன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐயா எனக்குப் போன் பண்ணி என்னா சொன்னாருன்னு தெரியுங்களா? கோளாறு மீட்டர்லயா, என் மண்டையிலயான்னு வந்து பாத்து சொல்லு தம்பின்னாரு. எதுவா இருந்தாலும் என் சம்சாரத்துக்கிட்ட சொல்லாத, அது பாவம் பயந்துக்கும்னாரு."

அதற்குப் பிறகு மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது. உட்காரச் சொல்லி, காபியைக் கொடுத்து, உங்களிடம் இப்போது சொன்னதை எல்லாம் இதே வரிசையில் அவனிடம் சொன்னேன். சட்னியில் ஆரம்பித்து ஒன்றையும் விடவில்லை. அவன் காபியைக் குடிக்கவே இல்லை. வகுப்பில் சில பையன்கள் இப்படித்தான், கேட்பதில் முழுகிவிடுவார்கள்.

"நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்கம்மா" என்றான் கடைசியில்.

"தாங்க மாட்டாரு தம்பி" என்றேன். "நாற்பது வருசம் என்னை நம்பினவரு."

அப்புறம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மீட்டரில் ஆரம்பத்திலேயே தப்பாகப் பதிந்துவிட்டார்கள் என்று அவரிடம் அவன் சொல்வது. சமையலறை வயரைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது. பதிலுக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்.

"இனிமே அந்த மீட்டரத் தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"தொட மாட்டேன்" என்றேன். அவனுடைய நிம்மதிக்காக என் கைபேசியிலிருந்து அந்தச் செயலியையும் அவனே எடுத்துவிட்டான்.

என் கணவர் பாட்டிலோடு வந்தார். மதியழகன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னான். கொள்ளளவு தப்பாக இருந்ததால் எண் எல்லாமே தப்பு, நீங்கள் பார்த்தது எல்லாம் உண்மையாகவே பார்த்ததுதான் என்றான். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். எழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "என் மண்டை நல்லாத்தான்யா இருக்குது" என்றார். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்புராஜ் கடைக்குப் போனார். இந்தத் தடவை பேச்சு, மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்பதைப் பற்றி. முன்னைவிட அதிகம் பேர் கேட்டார்களாம். அன்பரசிக்குப் போன் போட்டு ஏழு ஏழாகக் கழித்துக் காட்டினார். அக்காவுக்கும் போன் போட்டு, மின்விசிறியை நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அக்கா அழுதுவிட்டாளாம். புதுப் பேட்டரி வந்தது. மதியழகன் கொள்ளளவைச் சரியாகப் போட்டு, முழுக்க ஏற்றி, மூன்று நான்கு முறை சரிபார்த்துவிட்டுப் போனான். இப்போது அந்த எண் கிட்டத்தட்ட உண்மை. பேட்டரிக்கு வயசாக ஆக மறுபடியும் கொஞ்சம் விலகும், அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

எண் உண்மையானதும் சட்டமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. எண்பதுக்கு மிக்ஸி, எழுபதுக்கு டி.வி. தொடரில் அந்தப் பெண் கதவைத் திறக்கிற நேரத்தில் அறுபத்தொன்பது வந்தது. யார் வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மறுபடியும் உரக்கப் பேசினார். தண்ணீர் குடிக்க என்னைக் கேட்கவில்லை. மாத்திரையைத் தானாகவே போட்டுக்கொண்டார். பஸ்ஸில் போனால் கையைப் பிடித்துக்கொள்வதில்லை. அவர் நன்றாக இருந்தார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டில்தான் என்னவோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது.

நேற்றுக் காலையில் நான் மிக்ஸியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"எழுவத்தி ரெண்டு. மிக்ஸி வேணாம் பானு."

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மீட்டரில் எழுபத்திரண்டுதான் இருந்தது. மதியழகன் வேலை சுத்தம்.

"எண்பத்தி எட்டுன்னுல்லங்க இருக்குது" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன், கொஞ்சம் கவலையோடு. அவருடைய வாயோரம் மெல்லத் தளர்ந்தது. அந்த நல்ல முகம் திரும்ப வந்தது.

"ஆமா" என்றார் மெதுவாக. "எண்பத்தி எட்டு. நீ அரைச்சிக்க பானு."

பக்கத்தில் போய் அவர் தோளைத் தடவிக்கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

மதியழகனுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மீட்டரை அதற்குப் பிறகு ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.